பாட்டுக்குத்தான் முதலிடம்: அப்பலாச்சியப் பெண்களின் வழியில் பாஞ்சோவும் கிட்டாரும் வாசிக்க

1924 ஏப்ரலில், வட கரோலினாவின் அப்பலாச்சிய மலைப்பகுதியிலுள்ள சில்வா ஊரிலிருந்து சமந்தா பம்கார்னரும் ஈவா டேவிஸும் நியூயார்க் போய் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பாடி வாசித்துப் பதிவு செய்தார்கள். மலைநாட்டு இசையை இசைத்தட்டில் ஏற்றிய முதல் பெண்களில் இவர்கள் இருவரும் அடக்கம். 1927 ஆகஸ்டில், டென்னசி–வர்ஜீனியா எல்லையிலுள்ள பிரிஸ்டலில் சாரா கார்ட்டரும் மேபெல் கார்ட்டரும், சாராவின் கணவர் ஏ.பி. கார்ட்டரோடு சேர்ந்து பாடினார்கள். அதற்குப் பத்தாண்டு கழித்து, கென்டக்கியின் லில்லி மே லெட்ஃபோர்ட் முழுக்கப் பெண்களே கொண்ட கூன் கிரீக் கேர்ள்ஸ் குழுவோடு வானொலிக்கு வந்தார்.

இவர்கள் பதிவுகளில் பெரும்பாலும் வாசிக்கும் கையும் பாடும் குரலும் ஒரே ஆளுடையவை. ஃபிடில் (நாட்டுப்புற வயலின்) மெட்டை அச்சுப் பிசகாமல் பாஞ்சோவில் எடுப்பது இவர்களுக்கு முதல் வேலையே இல்லை. பாட்டைத் தூக்கிப் பிடிப்பதுதான் வேலை. பாடநூல்களில் வலது கை முதலில் வரும், மெட்டு அடுத்து, பாட்டு கடைசியில் ஒரு பின்னிணைப்பாக. இந்த முறையைக் கற்க அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் குரல், அதற்கேற்ற சுருதி, சுருதிக்கேற்ற ட்யூனிங் (தந்திகளைச் சுருதி கூட்டும் முறை), அதன் பிறகே கை.

யாரை முதலில் கேட்பது

ஓலா பெல் ரீடிடம் தொடங்குங்கள். 1916-இல் வட கரோலினாவின் ஆஷ் கவுண்டியில் பிறந்தவர், பின்னாளில் மேரிலாந்து–பென்சில்வேனியா எல்லைப் பக்கம் குடியேறியவர். அவருடைய பாஞ்சோவில் அலங்காரம் குறைவு, தாளம் ஆணியடித்தாற்போல் நிற்கும். பாடும்போது கை எவ்வளவு குறைவாக வேலை செய்தால் போதும் என்று அவரிடம்தான் தெளிவாகக் கேட்கலாம். அடுத்து லில்லி மே. வேகமும் துள்ளலும் கூடும், குரல் உச்சத்தில் இருக்கும். மூன்றாவதாக மேபெலின் கிட்டார். வர்ஜீனியாவின் புலாஸ்கி கவுண்டியைச் சேர்ந்த மடோகி ஸ்லாட்டரைக் கடைசிக்கு வையுங்கள். அவர் கட்டைவிரல் உள் தந்திகளில் செய்யும் வேலை, அடிப்படைத் தாளம் கையில் படியாதவர்களின் காதில் பிடிபடாது.

பம்கார்னரின் 1924 பதிவுகள் மைக் வருவதற்கு முந்தையவை. கூம்பின் முன் நின்று பாடிப் பதித்ததால் கீழ்ச் சுரங்கள் மங்கியிருக்கும், இரைச்சல் அதிகம். முக்கியமான பதிவுகள்தான், ஆனால் தொடக்கக்காரர்கள் அவற்றிலிருந்து விரல் அசைவைப் பிரித்தெடுக்க முயல்வது வீண்வேலை.

பழைய இசைத்தட்டுகளோடு சேர்ந்து வாசிக்கும்போது உங்கள் பாஞ்சோவை அவற்றின் சுருதிக்கு முறுக்காதீர்கள். நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பெயரளவில்தான். பதிவு செய்த இயந்திரமும் திருப்பிப் போட்ட இயந்திரமும் ஒரே வேகத்தில் ஓடியிருக்க வேண்டியதில்லை. வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் மாறினாலே சுருதி அரைச்சுரம் நகர்ந்துவிடும். பதிவை மென்பொருளில் ஏற்றி இறக்கி உங்கள் வாத்தியத்துக்குக் கொண்டு வாருங்கள். கூடவே வேகத்தை 70 சதவீதத்துக்குக் குறைத்தால் வருடலும் கட்டைவிரலும் தனித்தனியாகக் கேட்கும்.

எந்த ட்யூனிங் என்று கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. பாஞ்சோவின் குட்டைத் தந்தியான ஐந்தாம் தந்தி மேலே விடாமல் ஒரே சுரத்தை ஒலித்துக்கொண்டிருக்கும். பாட்டு வந்து முடியும் சட்ஜமும் அந்தச் சுரமும் ஒன்றாக இருந்தால் ஜி வகை ட்யூனிங். அது பஞ்சமமாகக் கேட்டால் சி வகை. பெரும்பாலான பாட்டுகளுக்கு இந்தச் சோதனை போதும்.

இந்தப் பெண்களின் பதிவுகளைத் தேடுவதில் வேறொரு தொல்லை இருக்கிறது. பலருடைய வாசிப்பு கணவர், அப்பா, குடும்பம் ஆகியோரின் பெயருக்குள் ஒளிந்திருக்கும். ஹேட்டி ஸ்டோன்மனின் ஃபிடிலைக் கேட்க எர்னஸ்ட் ஸ்டோன்மனின் 1920களின் பதிவுகளில் தேட வேண்டும். ரோசா லீ கார்சனின் கிட்டார், அவர் அப்பா ஃபிடிலின் ஜான் கார்சனின் தட்டுகளில் இருக்கும், அல்லது மூன்ஷைன் கேட் என்ற மேடைப் பெயரில். 'ஆன்ட்', 'மிசஸ்', 'கசின்' என்ற அடைமொழிகளோடும், திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரோடும் தேடிப் பாருங்கள்.

சுருதியைக் குரல் தீர்மானிக்கட்டும்

கூட்டமாக வாசிக்கும் இடங்களில் ஜி, ஏ, டி மூன்றும்தான் அதிகம். ஆண் குரலுக்கும் ஃபிடிலுக்கும் வசதியான சுருதிகள் அவை. அதே பாட்டைப் பெண் பாடும்போது, 'ஜி-யில்தான் எல்லாரும் வாசிப்பார்கள்' என்று விட்டுக்கொடுத்தால், ஒன்று கத்த வேண்டி வரும் அல்லது முனக வேண்டி வரும்.

வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு பாட்டை முழுதாக ஒருமுறை பாடுங்கள். மெட்டு எங்கே நடமாடுகிறது என்று கவனியுங்கள். இந்தப் பாட்டுகளை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். முதல் வகை கீழ் சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வரை போகும். இரண்டாவது வகையில் சட்ஜம் நடுவில் உட்கார்ந்திருக்க, மெட்டு கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேல் பஞ்சமம் வரை இரண்டு பக்கமும் போய்வரும்.

பியானோவின் நடு சி-க்குக் கீழே இருக்கும் ஏ-யிலிருந்து அதற்கு மேல் ஏ வரை தாராளமாக வரும் குரலை எடுத்துக்கொள்வோம். முதல் வகைப் பாட்டுக்கு இந்தக் குரலுக்கு ஏ பொருந்தும். இரண்டாம் வகைப் பாட்டுக்கு டி பொருந்தும். இன்னும் கொஞ்சம் கனத்த குரலென்றால் சி. அதே இரண்டாம் வகைப் பாட்டை ஜி-யில் பாடினால் உச்சச் சுரம் நடு சி-யிலிருந்து ஒன்பதாவது வெள்ளைக் கட்டையான டி-யைத் தொடும். லில்லி மே போல ஊசிமுனைக் குரல் உள்ளவர்களுக்கு அது பலம், மற்றவர்களுக்குத் தொண்டைக் கட்டு.

சுருதி முடிவானதும் ட்யூனிங். ஐந்தாம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரை எண்ணினால், பொது ஜி ட்யூனிங் ஜி-டி-ஜி-பி-டி. நான்காம் தந்தியை ஒரு முழுச்சுரம் இறக்கி சி ஆக்கினால் ஜி-சி-ஜி-பி-டி. சி சுருதிக்கு இதுவே போதும். அதோடு இரண்டாம் தந்தியை பி-யிலிருந்து அரைச்சுரம் ஏற்றி சி ஆக்கினால் டபுள் சி. டபுள் சி-யில் இரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கேப்போ, அதாவது தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி, போட்டால் டி சுருதி. சோகம் தோய்ந்த பழைய பாட்டுகளுக்கு ஜி ட்யூனிங்கில் இரண்டாம் தந்தியை மட்டும் சி-க்கு ஏற்றுங்கள். சாமில் ட்யூனிங் என்பார்கள். அதில் 'ஜி' ஆதாரம் மேஜரும் இல்லாமல் மைனரும் இல்லாமல் தொங்கும்.

கேப்போ ஐந்தாம் தந்தியைப் பிடிக்காது. அது ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே கேப்போ எத்தனை ஃப்ரெட் ஏறுகிறதோ அத்தனை அதையும் ஏற்ற வேண்டும். அதற்காகத்தான் ஏழு, ஒன்பது, பத்தாம் ஃப்ரெட்டுகளின் பக்கத்தில் பொம்மை ரயில் தண்டவாள ஆணிகளை அடித்திருப்பார்கள். தந்தியை அதனடியில் மாட்டினால் போதும். ஆணி இல்லாத பாஞ்சோவில் திருகாணியைத் திருப்பி ஒரு முழுச்சுரம் வரை ஏற்றலாம். அதற்கு மேல் போனால் தந்தி அறுந்து முகத்தில் அடிக்க வாய்ப்புண்டு. ஆணியில் மாட்டியபின் சுருதி சற்றே கூடியிருக்கும், மறுபடி சரிபார்க்காமல் தொடங்காதீர்கள்.

வாத்தியத்தைப் பாட்டுக்குத் தயார் செய்தல்

பின்பக்கம் திறந்த ஐந்து தந்தி பாஞ்சோதான் வேண்டும். பின்னால் ரெசனேட்டர் மூடி இருந்தால் கழற்றிவிடலாம்; அந்த மூடி ஒலியை முன்னால் தள்ளிக் குரலை முழுங்கிவிடும். லேசான தந்திகள், அதாவது முதல் தந்தி 0.009 அல்லது 0.010 அங்குலம். பிரிட்ஜ், அதாவது தோலின் மேல் நின்று தந்திகளைத் தாங்கும் சிறு கட்டை, சரியான இடத்தில் இருக்கிறதா என்று அளவு நாடாவால் பாருங்கள்: கழுத்தின் உச்சியில் தந்திகளைத் தாங்கும் நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை எவ்வளவோ, அங்கிருந்து பிரிட்ஜ் வரையும் ஏறக்குறைய அவ்வளவே. பிரிட்ஜ் ஒட்டப்பட்டதில்லை, பயணத்தில் நகரும். திறந்த தந்திகள் சுருதியோடு இருக்க, மேல் ஃப்ரெட்டுகள் மட்டும் அபசுரமாக ஒலித்தால் முதல் சந்தேகம் பிரிட்ஜ் மேல்தான்.

பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்தி சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். ப்ளூகிராஸ் என்னும் வேகமான பாணியை வாசிப்பவர்கள் இதைவிடத் தாழ்வாக வைப்பார்கள். இந்த முறையில் நகம் மேலிருந்து விழுகிறது. தந்தி தாழ்ந்திருந்தால் ஃப்ரெட்டில் மோதிச் சடசடக்கும்.

சலங்கைபோல் நீளும் உபரி ஒலியை அடக்க, தோலுக்குப் பின்னால், குறுக்குக் கட்டைக்கும் தோலுக்கும் நடுவில் மடித்த துணியையோ பழைய காலுறையையோ செருகுங்கள். பிரிட்ஜுக்கு நேர் கீழே வைத்தால் ஒலி செத்துவிடும். கழுத்துப் பக்கம் தள்ளி வைத்துக் கேட்டுப் பார்த்துச் சரிசெய்யுங்கள். பாடுபவருக்கு இது அலங்கார வேலை இல்லை. உபரி ஒலி குரலின் மேல்சுரங்களோடுதான் போட்டி போடும்.

வலது கை

இந்த முறைக்கு கிளாஹாமர் என்று பெயர், ஃப்ரெய்லிங் என்றும் சொல்வார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களிடமிருந்து பாஞ்சோவோடு சேர்ந்து வந்த கீழ்நோக்கி அடிக்கும் பாணி. விரல் ஒருபோதும் தந்தியை மேல்நோக்கிக் கொக்கி போட்டு இழுக்காது.

விரல்களைத் தளர்வாக உள்ளே மடக்கிக் கதவைத் தட்டுவதுபோல் கையைப் பிடியுங்கள். ஆட்காட்டி விரலோ நடுவிரலோ, ஏதாவது ஒன்றின் நகம் தந்தியைக் கீழ்நோக்கி அடிக்கும். எது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள். நகம் சதைக்கு வெளியே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீண்டிருந்தால் போதும். மெல்லிய நகம் உடைந்துகொண்டே இருந்தால், விரல் பிக்கை (விரலில் மாட்டும் செயற்கை நகம்) திருப்பி மாட்டிக்கொள்ளலாம். மேசைப்பந்தை வெட்டி நகத்தில் ஒட்டிக்கொள்பவர்களும் உண்டு, நன்றாகவே வேலை செய்கிறது.

அடிப்படைத் தாளம் 'பம்-டிட்டி'. இரண்டு அடி நீளம். முதல் அடியில் நகம் ஒரே ஒரு தந்தியை அடிக்கும், அது 'பம்'. இரண்டாம் அடி இரண்டு பாதியாகும். முதல் பாதியில் அதே நகம் மேல்தந்திகளை (ஒலியில் உயர்ந்தவற்றை) லேசாக வருடும், 'டிட்'. அடுத்த பாதியில் கட்டைவிரல் ஐந்தாம் தந்தியை விடுவிக்கும், 'டி'. கை கீழே வரும் ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் ஐந்தாம் தந்தியில் வந்து அமர வேண்டும். 'பம்' அடித்தபின் அது சத்தமில்லாமல் எழும். வருடல் முடிந்தபின்தான் ஒலித்துக்கொண்டு எழும். இந்த அமர்தல் இல்லாவிட்டால் கை அந்தரத்தில் மிதக்கும், தந்தி தவறும்.

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, மூன்றாம் தந்தியில் மட்டும் 'பம்' அடித்துப் பழகுங்கள். பிறகு இரண்டாம், முதல், நான்காம் தந்தி. நடன வேகம் 110-லிருந்து 120 வரை போகும். அது தானாக வரும், துரத்த வேண்டாம்.

இங்கே வரும் கோளாறுகள் எல்லாருக்கும் ஒன்றேபோல்தான். விரலை மட்டும் நிமிர்த்திச் சுண்டுவது முதல் கோளாறு. கை அசையாமல் விரல் சுண்டினால் ஒலி மெலிந்து, பத்து நிமிடத்தில் முன்கை வலிக்கும். முன்கையும் மணிக்கட்டும் சேர்ந்து இறங்க வேண்டும், விரல் வடிவம் மாறக் கூடாது. அடுத்தது, வருடல் 'பம்'மைவிடச் சத்தமாக இருப்பது. மெட்டு 'பம்'மில் இருக்கிறது. வருடலில் ஒன்றிரண்டு தந்தி தொட்டாலே போதும், நான்கையும் வழிக்க வேண்டியதில்லை. மூன்றாவது, கட்டைவிரல் அவசரப்பட்டு 'டிட்'டோடு ஒட்டிக்கொள்வது. தாளம் நொண்டுவதுபோல் தோன்றினால் காரணம் இதுதான். வருடலை விட்டுவிட்டு 'பம்… டி' மட்டும் சில நிமிடம் வாசித்தால் கட்டைவிரல் தன் இடத்தை அறிந்துகொள்ளும்.

அது படிந்ததும் இரட்டைக் கட்டை: 'பம்'முக்குப் பின்னும் கட்டைவிரலை ஒலிக்க விடுங்கள். நான்கு சம ஒலிகள் கிடைக்கும். அதற்குப் பிறகே டிராப் தம்ப், அதாவது கட்டைவிரல் ஐந்தாம் தந்தியை விட்டு உள் தந்திக்கு இறங்குவது. முதல் தந்தியை நகம் அடி, இரண்டாம் தந்தியில் கட்டை, மறுபடி முதல் தந்தியில் நகம், ஐந்தாம் தந்தியில் கட்டை. கட்டைவிரல் இறங்கும்போது உள்ளங்கையும் கூடவே சரிந்தால் அடுத்த அடி தவறிவிடும். மடோகி ஸ்லாட்டரின் வாசிப்பில் இந்த இறக்கம் வேகத்திலும் தாளத்தை அசைக்காது. ஓலா பெல் ரீட் போல் வாசிக்க நினைப்பவர் டிராப் தம்பைத் தள்ளிப்போட்டாலும் நட்டமில்லை.

இடது கை, முதல் மெட்டு

ஜி ட்யூனிங்கில் இரண்டே கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள்) முதலில் போதும். டி7-க்கு ஆட்காட்டி விரல் இரண்டாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டிலும், நடுவிரல் மூன்றாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டிலும். சி-க்கு ஆட்காட்டி விரல் அதே இடத்தில் நிற்க, முதல் தந்தியையும் நான்காம் தந்தியையும் இரண்டாம் ஃப்ரெட்டில் பிடிக்க வேண்டும். ஜி-க்கு எதையும் பிடிக்க வேண்டாம்.

இப்போது ஒரு சின்ன மெட்டு. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு முழு 'பம்-டிட்டி': மூன்றாம் தந்தி திறந்து, இரண்டாம் தந்தி திறந்து, முதல் தந்தி திறந்து, முதல் தந்தி இரண்டாம் ஃப்ரெட், மீண்டும் முதல் தந்தி திறந்து, இரண்டாம் தந்தி திறந்து, டி7-ஐப் பிடித்தபடி மூன்றாம் தந்தி இரண்டாம் ஃப்ரெட், கடைசியாக மூன்றாம் தந்தி திறந்து. எட்டு 'பம்-டிட்டி'. இந்த இசையின் மெட்டுகளில் பாதி, இந்த ஐந்து சுரங்களுக்குள்ளேயே சுற்றிவரும்.

பிறகு ஹேமர்-ஆன். திறந்த தந்தியை அடித்து, அரை அடி கழித்து இடது கை விரலை ஃப்ரெட்டின் பின்னால் குத்தாக இறக்குவது. நான்காவது சுரத்தை இப்படி வாசித்துப் பாருங்கள்: முதல் தந்தி திறந்து அடி, இரண்டாம் ஃப்ரெட்டில் விரல். உடனே இறக்கிவிட்டால் இரண்டு சுரமும் ஒட்டிப் பிசுபிசுக்கும். சரியாக அரை அடியில் விழுந்தால், வலது கை ஒன்றும் செய்யாமலே மெட்டில் ஒரு சுரம் கூடுகிறது. பாடுபவருக்கு அதுதான் லாபம்.

மேபெலின் கிட்டார்

கார்ட்டர் ஸ்கிராட்ச் என்பது பாஞ்சோ முறையின் உடன்பிறப்பு, ஆனால் திசை மாறுகிறது. மெட்டு கட்டைவிரலுக்குப் போகிறது. ஆட்காட்டி விரல் மேல் தந்திகளைக் கீழும் மேலும் வருடுகிறது. கட்டைவிரலுக்கு பிக் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மெட்டு வருடலுக்குள் அமிழ்ந்துவிடும்.

சி கார்டைப் பிடியுங்கள்: மோதிர விரல் ஐந்தாம் தந்தி மூன்றாம் ஃப்ரெட், நடுவிரல் நான்காம் தந்தி இரண்டாம் ஃப்ரெட், ஆட்காட்டி விரல் இரண்டாம் தந்தி முதல் ஃப்ரெட். பாஞ்சோவில் வாசித்த அதே மெட்டு இங்கே இப்படி வரும். கட்டைவிரல்: ஐந்தாம் தந்தி மூன்றாம் ஃப்ரெட்; நான்காம் தந்தி இரண்டாம் ஃப்ரெட்; மூன்றாம் தந்தி திறந்து; மூன்றாம் தந்தி இரண்டாம் ஃப்ரெட்; மூன்றாம் தந்தி திறந்து; நான்காம் தந்தி இரண்டாம் ஃப்ரெட்; நான்காம் தந்தி திறந்து; ஐந்தாம் தந்தி மூன்றாம் ஃப்ரெட். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வருடல், கீழ்-மேல். நான்காம் தந்தி திறந்து வரும் இடத்தில் ஆட்காட்டி விரலையும் எடுத்துவிட்டு மூன்றாம், இரண்டாம் தந்திகளை மட்டும் வருடினால் ஜி கார்டின் நிழல் கிடைத்துவிடும்.

அந்த இரண்டாவது சுரத்தில்தான் மேபெலின் கையெழுத்து இருக்கிறது. நடுவிரலைத் தூக்கி நான்காம் தந்தியைத் திறந்து அடித்து, உடனே இரண்டாம் ஃப்ரெட்டில் விரலை இறக்குங்கள். கார்டின் மற்ற விரல்கள் அசையக் கூடாது. நடுவிரலோடு மோதிர விரலும் எழுந்துவிடுவதுதான் எல்லாருக்கும் வரும் சிக்கல். வலது கையை விட்டுவிட்டு, இடது கையில் இந்த ஒரு அசைவை மட்டும் பழகினால் சரியாகும்.

அவர் வாசித்தது கிப்சன் எல்-5, வயலின்போல் முகம் வளைந்த கிட்டார். அதன் ஒலி வறண்டது, சட்டென்று அடங்கும். தட்டை முகக் கிட்டாரில் கீழ்த் தந்திகள் நீண்டு முழங்கி அடுத்த சுரத்தை மறைக்கும். உள்ளங்கை ஓரத்தை பிரிட்ஜ் மேல் லேசாக வைத்தால் அந்த முழக்கம் குறையும். சில பதிவுகளில் மேபெல் ஆறு தந்திகளையும் சேர்த்தே இறக்கி வைத்திருந்தார். சாராவின் கனத்த குரலுக்கு அது பொருத்தம். ஆகவே பதிவோடு சேர கேப்போ போட்டும் சுருதி கிட்டவில்லையென்றால், தந்திகளை அரைச்சுரம் அரைச்சுரமாக இறக்கிப் பாருங்கள்.

வட கரோலினாவின் எட்டா பேக்கரை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 1956-இல் வெளிவந்த பதிவுகளால் அறியப்பட்ட கறுப்பினக் கலைஞர் அவர். அவர் கட்டைவிரல் கீழ்த் தந்திகளில் ஊசலாடித் தாளம் பிடிக்கும், மெட்டு ஆட்காட்டி விரலால் மேல் தந்திகளில் வரும். கார்ட்டர் முறைக்கு நேர் எதிர். இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்கினால் கட்டைவிரல் எதற்கும் உருப்படாமல் போகும்.

வாயும் கையும் சேரும் இடம்

பாட ஆரம்பித்ததும் கை நின்றுவிடும், அல்லது கை சொற்களின் அசைகளோடு சேர்ந்து ஓடும். இது எல்லாருக்கும் நேர்வதுதான். தீர்க்கும் வரிசை இது. முதலில் 'பம்-டிட்டி'யை ஒரே கார்டில் ஓடவிட்டு, பாட்டு வரிகளைப் பாடாமல் சாதாரணப் பேச்சாகச் சொல்லுங்கள், தாளத்தில் இல்லாமலே. கை அதைக் கண்டுகொள்ளாமல் ஓட வேண்டும். அடுத்து வாயை மூடி மெட்டை முனகுங்கள். அப்புறம் ஒரே உயிரெழுத்தில் பாடுங்கள். கடைசியில் சொற்கள். கை தடுமாறும் இடத்தில் ஒரு படி பின்னால் போங்கள்.

பாடும்போது மெட்டை வாசிக்க வேண்டியதில்லை. குரல் மெட்டை எடுத்துக்கொண்டது; கைக்கு வேலை கார்டும் தாளமும் மட்டுமே. சரணங்களுக்கு இடையில், குரல் ஓயும்போது, மெட்டை வாசியுங்கள். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் எதுவும் தெளிவாக விழாது. ஒரே விதிவிலக்கு, வரி முடிவில் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு ஹேமர்-ஆன்.

மூச்சு வாங்கும் அந்த இடம்தான் வெளியிலிருந்து வருபவர்களைக் கவிழ்ப்பது. கார்ட்டர் குடும்பத்தின் பதிவுகளில் வரிமுடிவில் இரண்டு அடி கூடும், சில இடங்களில் குறையும். தவறென்று எண்ணிச் சதுரமாக்கிவிடாதீர்கள். பாடுபவர் நீட்டி முடித்து அடுத்த வரியை எடுக்கும்வரை 'பம்-டிட்டி' சுற்றிக்கொண்டே இருக்கும். வரி தொடங்கும்போது கார்டு மாறும். நீங்களே பாடி நீங்களே வாசித்தால் இது இயல்பாக அமையும். இன்னொருவருக்கு வாசிக்கும்போது எண்ணிக்கையை விட்டுவிட்டு அவர் வாயைப் பாருங்கள்.

இரண்டு குரல் சேரும்போது, மேற்கு வர்ஜீனியாவின் ஹேசல் டிக்கன்ஸ், ஆலிஸ் ஜெரார்டோடு சேர்ந்து 1965-இல் வெளியிட்ட இசைத்தட்டைக் கேளுங்கள். ப்ளூகிராஸ் பக்கம் சாய்ந்ததுதான், ஆனாலும் மலைப்பாட்டின் குரல் அது. நடுக்கம் சேர்க்காமல், சுரத்தை நேராக நீட்டி, இரண்டு குரலும் ஒன்றையொன்று உரசும்படி பாடுவார்கள். பயிற்சி பெற்ற குரல்களுக்கு அந்த நடுக்கத்தை விடுவதே பெரும்பாடு.

குழுவாக

கூன் கிரீக் கேர்ள்ஸ் அமைப்பு இன்றைக்கும் நல்ல வரைபடம். லில்லி மே பாஞ்சோவும் ஃபிடிலும், அவர் அக்கா ரோசி கிட்டார், வயலட் கோலர் மேண்டலின், டெய்சி லேங் பாஸ். 1939 ஜூனில் இங்கிலாந்து அரசர் ஆறாம் ஜார்ஜ் வந்தபோது வெள்ளை மாளிகையில் வாசித்த குழு இது. இந்த அமைப்பில் கிட்டார் மெட்டை எடுக்காமல் கீழ்த் தந்தியும் வருடலுமாகத் தரையைப் பிடிக்க, மேண்டலின் இரண்டாம் அடியில் வெட்டும். பாஸ் முதல் அடியில் மட்டும் நின்றால் போதும். ஓடத் தொடங்கினால் பாஞ்சோவின் 'பம்'மோடு மோதும்.

ஒரே மைக் முன் நின்றால் பாடுபவர் மிக அருகில், கிட்டார் அவருக்கு அடுத்து, பாஞ்சோ ஒரு கை தூரத்தில் தோலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பியபடி. பாஞ்சோக்காரரே பாடுபவரானால் வாத்தியத்தை இறக்கிப் பிடிக்க வேண்டும், தோலின் முகம் மைக்கைப் பார்க்காதபடி.

விழாக்களின் முகாம்களில் சேர்ந்து வாசிக்கப் போவதானால், வர்ஜீனியாவின் கேலக்ஸில் 1935 முதல் நடக்கும் ஃபிடில் கூடலும், மேற்கு வர்ஜீனியாவின் கிளிஃப்டாப் விழாவும் பெரியவை. பழைய பாணி வட்டங்களில் தனி ஆவர்த்தனம் கிடையாது. எல்லாரும் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். ஃபிடிலுக்குப் பக்கத்தில் ஒரு பாஞ்சோ மட்டும் இருப்பது மரபு. ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தால் வெளிவட்டத்தில் மெதுவாக வாசியுங்கள், அல்லது இடைவேளையில் கேட்டு உள்ளே வாருங்கள். பெண்ணைப் பார்த்ததும் கிட்டாரையோ பாஸையோ நீட்டும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. பாஞ்சோவை ட்யூன் செய்து மடியில் வைத்தபடி ஃபிடில்காரரின் கண்பார்வையில் உட்காருங்கள்.

உங்கள் முறை வந்ததும் பாட்டின் பெயரோடு சுருதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாஞ்சோக்காரர்கள் ட்யூனிங் மாற்ற நேரமாகும் என்பதால் வட்டம் ஒரே சுருதியில் நெடுநேரம் இருக்கும். எல்லாரும் ஏ-யில் இருக்கும்போது சி-யில் ஒரு பாட்டை நடுவே நுழைக்காதீர்கள், அவர்கள் டி-க்கு மாறும்வரை பொறுத்து அப்போது உங்கள் டி பாட்டை எடுங்கள். தொடங்கும் முன் நான்கு அடி வெறும் தாளம் வாசித்தால் வேகம் எல்லாருக்கும் பிடிபடும். கடைசிச் சுற்று வரும்போது ஒரு காலை முன்னே தூக்குங்கள்.